‘செக்யூரிட்டி கோடு மாறிவிட்டது’: வாட்ஸ்அப் சொல்லும் அந்த ஒரு வரியை ஏன் கடந்துபோகக் கூடாது?

ஒரு சாட்டைத் திறக்கிறீர்கள். மேலே, நேற்று ராத்திரி சித்தப்பா அனுப்பிய ‘குட் நைட்’ ரோஜாப்பூ. கீழே, இன்று காலை வந்த மெசேஜ்: “ஒரு அவசரம்ப்பா. இந்த நம்பருக்கு 15,000 ஜிபே பண்ணிடு, சாயந்திரம் தந்துடறேன்.” இரண்டுக்கும் நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி: “சித்தப்பாவுடனான உங்கள் செக்யூரிட்டி கோடு மாறிவிட்டது.”

நம்மில் எத்தனை பேர் அந்த நடு வரியைப் படிப்போம்? ‘ஏதோ அப்டேட் போல’ என்று ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். இன்னும் சிலர் போனில் அந்த வரி வரவே வராது. அதைக் காட்டச் சொல்லும் செட்டிங்கை அவர்கள் ஆன் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால், அந்த மெசேஜை அனுப்பியது சித்தப்பாதானா என்பதற்கு உங்களுக்குக் கிடைத்த ஒரே துப்பு அந்த வரிதான். ‘உங்கள் உரையாடல் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ட் செய்யப்பட்டது’ என்று ஆப் சொல்வதை நம்பி நாம் நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பாதுகாப்பு நம்மிடம் பதிலுக்குக் கேட்கும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. அது என்ன வேலை, ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

சாவி எங்கே இருக்கிறது?

வாட்ஸ்அப்பையோ சிக்னலையோ இன்ஸ்டால் செய்து, ஓடிபி போட்டு உள்ளே நுழைந்ததும் உங்கள் போன் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்கிறது. ஒரு ஜோடி சாவிகளை உருவாக்குகிறது. ஒன்று ரகசியச் சாவி. அது உங்கள் போனிலேயே இருக்கும், சர்வருக்குப் போகாது. இன்னொன்று பொதுச் சாவி. அது சர்வருக்குப் போய், உங்களுக்கு மெசேஜ் அனுப்ப நினைக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். இந்த ஜோடிக்கு அடையாளச் சாவி என்று பெயர்.

பொதுச் சாவியை ஒரு திறந்த பூட்டாக நினைத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் அதை வாங்கி, கடிதத்தைப் பெட்டியில் வைத்து அழுத்திப் பூட்டிவிடலாம். திறப்பதற்கான சாவி உங்களிடம் மட்டும்தான். நடைமுறையில் இது இன்னும் நுணுக்கமானது. இருவரின் சாவிகளும் சேர்ந்து, ஒவ்வொரு மெசேஜுக்கும் புதுப்புது சாவிகளை உருவாக்கிக்கொண்டே போகும். அடிப்படை யோசனை மட்டும் பழையது. 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருந்து வருவது. அந்த வழியில் உருவான சிக்னல் புரோட்டோகாலை 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர்கள் அனைவருக்கும் கொண்டு வந்தது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சித்தப்பாவின் பூட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பது சித்தப்பா இல்லை, சர்வர். தபால்காரர் கொண்டுவந்து, “இது உங்க சித்தப்பா கொடுத்த பூட்டு” என்று நீட்டுவதைப் போல. அவர் வேறு யாருடைய பூட்டையோ கொடுத்தால்? நீங்கள் நம்பிக்கையோடு பூட்டி அனுப்புவீர்கள். வேறு யாரோ திறந்து படிப்பார்கள்.

60 இலக்கக் கைரேகை

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அந்த செக்யூரிட்டி கோடு. சிக்னலில் இதற்கு சேஃப்டி நம்பர் என்று பெயர். சாட்டில் பெயரைத் தொட்டு, என்க்ரிப்ஷன் என்ற இடத்துக்குப் போனால் ஒரு க்யூஆர் கோடும், ஐந்து ஐந்தாகப் பிரித்த 60 இலக்க எண்ணும் தெரியும். உங்கள் அடையாளச் சாவியையும் எதிரில் இருப்பவரின் அடையாளச் சாவியையும் வைத்துக் கணக்கிட்டு வருவது அது. இரண்டு போனிலும் ஒரே எண் வந்தால், நடுவில் யாரும் பூட்டை மாற்றவில்லை என்று அர்த்தம்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு கைரேகையும் வாங்குகிறார்களே, ஏறக்குறைய அதே யோசனைதான். பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கையெழுத்தைக் கூடப் போட்டுப் பழகலாம், ரேகை மாறினால் ஆள் மாறியிருக்கலாம். இங்கே பெயருக்குப் பதில் போன் நம்பர், ரேகைக்குப் பதில் சாவி.

நாம் குழம்புவது இந்த இடத்தில்தான். சித்தப்பாவின் நம்பரைத்தான் சித்தப்பா என்று போனில் சேமித்து வைத்திருக்கிறோம். ஆப்பின் கண்ணில் நம்பர் வெறும் விலாசம். அந்த விலாசத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்வது சாவி.

கோடு எப்போது மாறும்?

சித்தப்பா புது போன் வாங்கி வாட்ஸ்அப் போட்டால் மாறும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் மாறும். இவை இரண்டும் தினமும் நடப்பவை. எனவே இந்த வரி வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. தீபாவளி ஆஃபரில் யாரோ போன் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு வழியிலும் மாறும். “உங்களுக்கு ஒரு 6 இலக்க எண் தவறுதலா வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று யாரோ கேட்டு, சித்தப்பா அனுப்பிவிட்டால், அந்த யாரோ தன் போனில் சித்தப்பாவின் நம்பரில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிடலாம். சர்வருக்குத் தெரிந்ததெல்லாம் ஓடிபி சரியாக இருக்கிறது என்பது மட்டுமே. அதைப் போட்டது யார் என்று அதற்குத் தெரியாது. திருடனின் போன் புது அடையாளச் சாவியை உருவாக்கும். சர்வர் அதைச் சித்தப்பாவின் சாவி என்று எல்லோருக்கும் கொடுக்கும்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சலிக்கச் சலிக்கக் கேட்டிருப்போம். அதன் அர்த்தத்தை இப்படிப் புரிந்துகொண்டால் மறக்காது: ஓடிபியைக் கொடுப்பது, உங்கள் பெயரில் புதுச் சாவி செய்துகொள்ள இன்னொருவருக்கு அனுமதி கொடுப்பது.

இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். என்க்ரிப்ஷன் எங்கேயும் உடையவில்லை. நீங்கள் அனுப்பும் பதில், வங்கி விவரம், போட்டோ எல்லாம் யாரும் நடுவில் படிக்க முடியாதபடி பத்திரமாகப் பூட்டப்பட்டு, நேராகத் திருடன் கைக்கே போய்ச் சேர்கிறது.

நம்பர் கைமாறுவதும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் வேறொருவருக்குப் போகும். இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதன் பிறகு அந்த நம்பரில் வேறு ஒருவர் வாட்ஸ்அப் தொடங்கலாம். அவர் திருடர் இல்லை, முறைப்படி சிம் வாங்கியவர். ஆனாலும் உங்கள் போனில் அவர் ‘சித்தப்பா’ என்றுதான் தெரிவார்.

சிக்னலில் நடந்த ஒரு சம்பவம்

‘இதெல்லாம் ஓடிபி கொடுக்கும் அப்பாவிகளுக்கு நடப்பது, நமக்கில்லை’ என்று தோன்றலாம். 2022 ஆகஸ்ட்டில் நடந்ததைப் பாருங்கள். சிக்னல் ஆப்புக்கு எஸ்எம்எஸ் சரிபார்ப்புச் சேவை வழங்கும் ட்விலியோ நிறுவனத்தின் ஊழியர்களை ஏமாற்றி, சிலர் அதன் உள் கணினி அமைப்புக்குள் நுழைந்தார்கள். சுமார் 1,900 சிக்னல் பயனர்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சிக்னல் அறிவித்தது. நுழைந்தவர்கள் குறிப்பாக 3 நம்பர்களைத் தேடியிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர், தன் கணக்கு வேறொரு கருவியில் மறுபடி பதிவு செய்யப்பட்டதாகப் புகார் சொன்னார்.

அவர் யாருக்கும் ஓடிபியைக் கொடுக்கவில்லை. தவறு அவர் பக்கமே இல்லை. ஆனாலும் கணக்கு கைமாறியது. பழைய மெசேஜ்கள் எதுவும் போகவில்லை, ஏனெனில் அவை அவரவர் போனில்தான் இருந்தன. ரெஜிஸ்ட்ரேஷன் லாக் என்ற பின் நம்பர் போட்டிருந்தவர்களின் கணக்கை இப்படிப் பிடுங்கவும் முடியாது. அது இல்லாதவர் விஷயத்தில், நண்பர்களை எச்சரிக்க இருந்தது ஒன்றுதான்: ‘சேஃப்டி நம்பர் மாறிவிட்டது’ என்ற அந்தச் சின்ன வரி.

வாட்ஸ்அப் எடுத்த முடிவு சரியா?

இந்த வரியை வைத்தே 2017 ஜனவரியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒருவரின் சாவி மாறினால், அதுவரை டெலிவரி ஆகாமல் நிற்கும் மெசேஜ்களை வாட்ஸ்அப் தானாகவே புதுச் சாவியில் பூட்டி அனுப்பிவிடும். சிக்னல் அப்படிச் செய்யாது, அனுப்பியவரிடம் கேட்கும். வாட்ஸ்அப்பின் இந்த நடைமுறையை ‘பின்கதவு’ என்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் எழுதியது. அது பின்கதவே இல்லை, இப்படி எழுதினால் மக்கள் பயந்துபோய்ப் பாதுகாப்பில்லாத ஆப்களுக்குப் போய்விடுவார்கள் என்று பாதுகாப்பு நிபுணர்கள் பலர் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு ஜூனில், தன் செய்தியில் குறை இருந்ததை அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது.

வாட்ஸ்அப் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. உலகின் பல பகுதிகளில் மக்கள் போனையும் சிம்மையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மெசேஜை நிறுத்திவைத்து “இவரை நம்புகிறீர்களா?” என்று கேட்டால், பாதிப் பேர் படிக்காமலே ‘ஓகே’ அழுத்துவார்கள், மீதிப் பேர் ஆப்பையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தியாவில் வாழும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனால், மெசேஜை நிறுத்தாமல் இருப்பது வேறு, விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது வேறு. அன்றைக்கு அந்த அறிவிப்பு தானாக ஆன் ஆகி வரவில்லை, பயனர்தான் தேடிப் போய் ஆன் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் அது செட்டிங்ஸுக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச்தான். வீட்டுப் பூட்டை யாரோ மாற்றினால் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு அவர் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும் என்றா எதிர்பார்ப்போம்? இந்த அறிவிப்பு எல்லோருக்கும் தானாகவே ஆன் ஆகியிருக்க வேண்டும். “கோடு மாறிவிட்டது” என்ற புரியாத பாஷையில் இல்லாமல், “இவர் புது போனிலிருந்து பேசுகிறார். பணமோ ரகசியமோ கேட்டால், போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்” என்று நல்ல தமிழில் சொல்ல வேண்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

ஆப்பே பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவு பார்த்துக்கொள்கிறது. 60 இலக்கத்தை யாரும் உட்கார்ந்து ஒப்பிடுவதில்லை என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். அதனால் 2023 ஏப்ரலில் வாட்ஸ்அப் ‘கீ டிரான்ஸ்பரன்சி’ என்ற முறையை அறிவித்தது. ஒவ்வொரு நம்பருக்கும் எந்தப் பொதுச் சாவி என்பதை, பின்னால் போய்த் திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும்படியான ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். உங்கள் ஆப் அதைத் தானாகச் சரிபார்க்கும். ஆப்பிளும் ஐமெசேஜுக்கு இதே போன்ற வசதியை 2023 டிசம்பரில் ஐஓஎஸ் 17.2-வோடு தந்தது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால், இந்தப் பதிவேடு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘சர்வர் எனக்கு மட்டும் ஒரு போலிப் பூட்டைக் கொடுக்கிறதா?’ என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லும். சித்தப்பாவின் ஓடிபியை வாங்கி ஒருவன் கணக்கைப் பிடித்திருந்தால், அவனுடைய சாவியும் பதிவேட்டில் முறைப்படியே ஏறியிருக்கும். பதிவேடு பச்சை டிக் போடும். போனைக் கையில் வைத்திருப்பது யார் என்று கண்டுபிடிக்கும் வேலை கடைசியில் நமக்குத்தான்.

கோடு மாறாமலே நடக்கும் திருட்டு

இன்னொரு வழியும் இருக்கிறது. லேப்டாப்பில் மெசேஜ் பார்க்க க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து இணைக்கிறோமே, அந்த லிங்க்டு டிவைஸ் வசதி. உக்ரைனில் சிக்னல் பயன்படுத்துவோரைக் குறிவைத்து, ரஷ்யாவுக்கு ஆதரவான குழுக்கள் இதைத் தவறாகப் பயன்படுத்தியதை 2025 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்புப் பிரிவு வெளியிட்டது. ‘குரூப்பில் சேர ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்தால் குரூப்பில் சேர மாட்டீர்கள். எதிரியின் கணினி உங்கள் கணக்கில் இணைந்துவிடும்.

சிக்னலில் இணைக்கப்படும் கருவிகள் எல்லாம் ஒரே அடையாளச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சேஃப்டி நம்பர் மாறாது, நண்பர்களுக்கு எந்த எச்சரிக்கையும் போகாது. இதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். லிங்க்டு டிவைசஸ் பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பேக்கப் சாவியை எங்கே வைப்பது?

சாட் உங்கள் போனில் பத்திரமாக இருந்தாலும், கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும் வாட்ஸ்அப் பேக்கப் தனிக்கதை. அதற்கும் எண்ட்-டு-எண்ட் பாதுகாப்பு தரும் வசதி 2021 அக்டோபரில் வந்தது. நீங்களாக ஆன் செய்ய வேண்டும். ஒரு பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ அது தரச் சொல்லும்.

இங்கே ‘பாஸ்வேர்ட் மறந்துட்டேன்’ என்று கஸ்டமர் கேருக்கு அடித்துப் பயனில்லை. அவர்களிடம் சாவி இல்லை, இருக்கவும் கூடாது. எனவே 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட், சர்டிபிகேட் இருக்கும் ஃபைலில் வையுங்கள். அதே போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வருவது மாதிரி.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

அஞ்சு நிமிஷ வேலைதான்.

1. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அறிவிப்பை ஆன் செய்யுங்கள்.

2. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க பின் போடுங்கள். சிக்னலில் ரெஜிஸ்ட்ரேஷன் லாக். ஓடிபி மட்டும் தெரிந்தவர் இதைத் தாண்டி உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. பிறந்த வருஷத்தை பின் ஆக்காதீர்கள்.

3. கோடு மாறிய பிறகு யாராவது பணம், ஓடிபி, ஆவணம் கேட்டால், சாட்டிலேயே “நீங்கதானா?” என்று கேட்காதீர்கள். “ஆமாம்ப்பா, நான்தான்” என்று திருடனும் டைப் பண்ணுவான். வாட்ஸ்அப் காலும் வேண்டாம், அதுவும் அவனுக்கே போகும். சாதாரண போன் கால் செய்து, குரலைக் கேட்டு, உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

4. அம்மா, அப்பா, வேலையில் முக்கியமான ஆள்கள் என நாலைந்து பேருடன் மட்டுமாவது, நேரில் பார்க்கும்போது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து சரிபாருங்கள்.

5. பழைய நம்பரை விடப் போகிறீர்களா? முதலில் வாட்ஸ்அப்பில் ‘சேஞ்ச் நம்பர்’ செய்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

6. உங்கள் கணக்கே கைமாறிவிட்டதா? பதறாமல் உங்கள் போனில் மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போட்டதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் பின் போட்டு வைத்திருந்தால், உள்ளே நுழைய நீங்கள் 7 நாள்கள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவனும் உள்ளே இருக்க மாட்டான். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கூடவே ஒன்று. டெலிகிராமில் சாதாரண சாட்டுகளுக்கு எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் கிடையாது, ‘சீக்ரெட் சாட்’ திறந்தால் மட்டுமே உண்டு.

அந்த நடு வரிக்கு மறுபடி வருவோம். என் போனில் அந்த அறிவிப்பை ஆன் செய்த பிறகு, முதலில் அம்மாவின் பெயரில்தான் அது வந்தது. போன் செய்தேன். “புது போன்டா, தம்பிதான் எல்லாம் மாத்திக் கொடுத்தான். எதுக்குக் கேக்குற?” என்றார். விளக்கினேன். முழுசாகப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார்: “சரி, உன் பேர்ல அப்படி வந்தா நானும் போன் பண்றேன்.”

அவ்வளவுதான் தேவை. சாவியை உருவாக்குவதும் பூட்டுவதும் போன் பார்த்துக்கொள்ளும். சாவி மாறினால் ஒரு போன் கால் போடுவது நாம் செய்ய வேண்டியது. நிறுவனங்கள் அந்த அறிவிப்பை எல்லோருக்கும் புரியும்படி எழுதும் வரை, அதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருவதும் நம் வேலைதான். இன்று ராத்திரி சாப்பிடும்போது, அம்மா அப்பா போனை வாங்கி அந்த ஒரு செட்டிங்கை ஆன் செய்து கொடுங்கள்.